ஊசியைக் கண்டால் விழுந்துவிடுகிற மனிதர்: ஒரு நிகழ்வு ஆய்வு

சிகிச்சைக்காக என்னிடம் வந்தவருக்கு வயது 41. கட்டுமானப் பொறியாளர். பன்னிரண்டாவது மாடிச் சாரத்தில் நின்றபடி கீழே எட்டிப் பார்த்து வேலை வாங்குகிறவர். ஆறடி உயரம், அதற்கேற்ற உடம்பு. அறைக்குள் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்ததும், "சார், சொன்னா சிரிக்கக் கூடாது" என்றுதான் ஆரம்பித்தார்.

(இவர் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.)

இரண்டு வாரங்களுக்கு முன்பு அவருடைய ஏழு வயது மகள் சைக்கிளிலிருந்து விழுந்து, தாடை கிழிந்து, வீட்டுக்குள் ஓடி வந்திருக்கிறாள். வீட்டில் அவர் மட்டும்தான். பிள்ளை "அப்பா" என்று கையை நீட்டுகிறாள். சட்டைக் கழுத்தெல்லாம் ரத்தம். அவருக்கு நினைவில் இருப்பது காதுக்குள் கேட்ட இரைச்சலும், அப்புறம் கன்னத்தில் பட்ட தரையின் குளிர்ச்சியும்தான். கண் விழித்தபோது பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மகளின் தாடையைத் துணியால் அழுத்திப் பிடித்திருந்தார். மகள் அழுதுகொண்டிருந்தாள், தன் காயத்துக்காக இல்லை. "அப்பா செத்துட்டாரா?" என்று கேட்டு.

இதைச் சொல்லிவிட்டு பர்ஸிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். சர்க்கரைக்கான ரத்தப் பரிசோதனைச் சீட்டு. நான்கு வருடப் பழசு. மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடங்களில் நூலாகப் பிரிந்திருந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்ததால் மருத்துவர் எழுதிக் கொடுத்தது. "தூக்கிப் போடவும் மனசு வரல, போய் எடுக்கவும் முடியல" என்றார்.

பயமா, ஃபோபியாவா?

ஊசி யாருக்குத்தான் பிடிக்கும்? அதனால் முதல் கேள்வியே இது சாதாரணப் பயமா இல்லையா என்பதுதான். 2013இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற மனநலக் கையேடு சொல்கிற அளவுகோலைச் சுருக்கமாகச் சொன்னால்: குறிப்பிட்ட ஒரு பொருள் அல்லது சூழல் வந்தாலே உடனடியாகப் பயம் கிளம்ப வேண்டும், அந்தப் பயம் உண்மையான ஆபத்துக்குப் பொருந்தாத அளவில் இருக்க வேண்டும், அதை ஆள் தவிர்க்க வேண்டும், இல்லையென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டும், பொதுவாக 6 மாதமாவது நீடித்து, வாழ்க்கையைக் கெடுக்க வேண்டும். இவருக்கு எல்லாமே பொருந்தியது. நான்கு வருடமாக எடுக்காத ஒரு பரிசோதனையும், ரத்தம் ஒழுகி நின்ற மகளும் போதாதா?

அதே கையேடு குறிப்பிட்ட பொருள்களின் மீதான ஃபோபியாக்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. விலங்குகள், இயற்கைச் சூழல் (உயரம், இடி, தண்ணீர்), லிஃப்ட் விமானம் போன்ற சூழ்நிலைகள், மற்றவை. ஐந்தாவது, ரத்தம்-ஊசி-காயம். இந்த வகைக்கு மட்டும் ஒரு விசித்திரம் உண்டு; இந்தக் கட்டுரையே அதைப் பற்றியதுதான்.

நாயைக் கண்டு நடுங்குகிறவர் "மயக்கம் வந்துடும் போல இருக்கு" என்பார், ஆனால் அநேகமாக விழ மாட்டார். பயத்தில் இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறியிருக்கும்போது மயங்கி விழுவது எளிதல்ல. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு தயாராகிவிட்டது, அவ்வளவுதான். ரத்தத்தைக் கண்டு பயப்படுகிறவர்களோ உண்மையிலேயே விழுகிறார்கள். எல்லாரும் இல்லை, ஆனால் பெரும்பாலானவர்கள் ஒரு முறையாவது விழுந்திருப்பார்கள். இவர்களுடைய உடம்பு இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதலில் மற்ற எல்லாரையும் போல இதயத்துடிப்பும் அழுத்தமும் ஏறும். சற்று நேரத்தில், மூளையிலிருந்து இதயத்துக்கு வருகிற வேகஸ் நரம்பு குறுக்கே புகுந்து இதயத்தை மெதுவாக்கும்; ரத்தக் குழாய்கள் விரியும்; அழுத்தம் சடாரென்று சரியும். மூளைக்குப் போகிற ரத்தம் குறையும். கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, காதில் இரைச்சல், ஓரத்திலிருந்து இருண்டுகொண்டே வரும் பார்வை. அப்புறம் தரை. விழுந்ததும் தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுவதால் நினைவு சீக்கிரம் திரும்பிவிடும். உடம்பு தன் பிரச்சினையைத் தானே தீர்த்துக்கொள்கிற முறை இது. கொஞ்சம் முரட்டுத்தனமான முறை, அவ்வளவுதான்.

இது குடும்பத்தில் ஓடுகிற சமாச்சாரமும்கூட. கேட்டேன். அவருடைய அம்மா, விரலில் கத்தி பட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாராம். பெரியம்மாவும் அப்படித்தானாம். பயத்தோடு அருவருப்பும் கலந்திருப்பது இந்த வகையின் இன்னொரு அடையாளம். "பயம்னு சொல்ல மாட்டேன் சார், உள்ள என்னமோ புரட்டும்" என்று அவராகவே சொன்னார்.

தொடக்கம் 9 வயதில். பள்ளியில் தடுப்பூசி வரிசை. முன்னால் நின்ற பையனின் கையில் ஊசி இறங்குவதை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தவர், தன் முறை வருவதற்குள் விழுந்துவிட்டார். எழுந்தபோது வகுப்பே சிரித்துக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். அந்தச் சிரிப்புதான் 32 வருடம் கழித்து என் அறையில் "சிரிக்கக் கூடாது" என்ற முதல் வாக்கியமாக வந்திருந்தது.

ஆனால் 9 வயதில் நடந்த ஒன்று 41 வயது வரை எப்படி உயிரோடு இருக்கிறது? ஃபோபியாவில் முக்கியமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். எங்கே தொடங்கியது என்பதை விட, எது அதற்குத் தீனி போடுகிறது என்பது. அமெரிக்க உளவியலாளர் மௌரர் 1947இல் இதை இரண்டு படியாகச் சொன்னார்: பயம் ஒட்டிக்கொள்வது ஒரு வழியில், ஒட்டிக்கொண்டது போகாமல் இருப்பது வேறு வழியில். இந்த இரண்டாவது வழியின் பெயர் நிம்மதி. இவர் சீட்டை எடுத்துப் பார்க்கிறார், வயிறு புரட்டுகிறது, "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று மடித்து வைக்கிறார். அந்த நொடியில் ஒரு நிம்மதி. தவிர்த்ததற்குக் கிடைத்த கூலி அது. நான்கு வருடமாக அந்தச் சீட்டு பர்ஸில் இருந்து அவருக்குக் கூலி கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இன்னொரு நஷ்டமும் உண்டு: தவிர்த்துக்கொண்டே இருக்கிறவருக்கு, தவிர்க்காமல் இருந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே வருவதில்லை.

சிகிச்சை தொடங்குவதற்கு முன் பொது மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினேன். மயக்கம் என்று வருகிற எவரையும் நேராக மனதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. இதயத் துடிப்பில் கோளாறு, மருந்துகளின் விளைவு என்று வேறு காரணங்கள் இருக்கலாம். ஈசிஜி சரியாக இருந்தது. படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பி.பி. பார்த்ததில் குறையில்லை. ரத்தம் எடுக்க மட்டும் மருத்துவரிடமிருந்தும் நழுவி வந்துவிட்டார்.

நான் செய்த தவறு

இரண்டாவது அமர்வில் மூச்சை மெதுவாக இழுத்து விடவும், தோளிலிருந்து பாதம் வரை ஒவ்வொரு தசையாகத் தளர்த்தவும் சொல்லிக் கொடுத்தேன். நன்றாகவே கற்றுக்கொண்டார். முகம் இளகியது. சரி என்று, ஒரு சிரிஞ்சின் படத்தைக் காட்டினேன். "தளர்வாகவே இருங்க" என்றும் சொன்னேன்.

ஒரு கொட்டாவி விட்டார். இன்னொன்று. மேலுதட்டில் வியர்வை முத்துமுத்தாக நின்றது. உதட்டின் நிறம் போய்க்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பயம் ஏறி இறங்கும் கட்டம் என்று நினைத்தேன். பிறகு மெதுவாக, ஏதோ கீழே விழுந்ததை எடுக்கக் குனிகிறவர் மாதிரி, பக்கவாட்டில் சாய்ந்தார். பிடித்துப் படுக்க வைத்துக் காலை உயர்த்தினேன்.

பாடத்தில் படித்த விஷயம்தான். ஆனாலும் கை பழகிய வேலையைச் செய்துவிட்டது. பயம் என்று யார் வந்தாலும் தளர்வுப் பயிற்சியில் ஆரம்பிப்பது எனக்கு ஊறிப்போயிருந்தது. அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு மரியாதையான வரலாறு உண்டு. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு பயந்த பீட்டர் என்ற சிறுவனுக்கு, அவன் பிடித்ததைச் சாப்பிடும் நேரத்தில் முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்து பயத்தைக் குறைத்தார். 1950களில் ஜோசப் வோல்பி என்ற மனநல மருத்துவர், சாப்பாட்டின் இடத்தில் தசைத் தளர்வை வைத்தார்: தளர்ந்த உடம்போடு, பயப்படும் பொருளைப் படிப்படியாக மனதில் கொண்டுவருவது. எத்தனையோ பேருக்கு உதவிய முறை. ஆனால் அழுத்தம் சரிவதே நோயாக இருக்கிற ஒருவரிடம் போய் "உடம்பைத் தளர்த்து" என்றால்? சரிகிற சுவரைக் கொஞ்சம் தள்ளிவிட்டது போலத்தான்.

வீட்டிலும் வெளியிலும் எல்லாரும் இவருக்குச் சொல்லிவந்த அறிவுரையும் அதேதான்: "ரிலாக்ஸா இரு, ஒண்ணும் இல்ல." அவரும் உண்மையாகவே முயன்றிருக்கிறார். முயன்ற ஒவ்வொரு முறையும் விழுந்திருக்கிறார்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நடந்ததை ஒரு தாளில் கோடாக வரைந்து காட்டினேன்: ஏறுகிற கோடு, உச்சி, செங்குத்தான சரிவு. நீண்ட நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ இது தைரியம் சம்பந்தப்பட்டது இல்லையா?" என்றார். ஆரம்பத்திலிருந்து அவர் கேட்க நினைத்த கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இறுக்கக் கற்றுக்கொள்வது

ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் 1980களில் இதற்கென்றே ஒரு முறையை உருவாக்கினார். தசை இறுக்கப் பயிற்சி. 1987இல் இவரும் இவருடைய சகா ஸ்டெர்னரும் வெளியிட்ட வடிவத்தில் மொத்தமே ஐந்து அமர்வுகள்தான். யோசனை மிக எளிமையானது. அழுத்தம் சரியும்போது அதைக் கையால் பிடித்து நிறுத்துவது மாதிரி, தசைகளால் பிடித்து நிறுத்துவது.

செய்முறை இப்படி. நாற்காலியில் உட்கார்ந்து கைகள், வயிறு, தொடைகள், கால்கள் எல்லாவற்றையும் ஒன்றாக இறுக்க வேண்டும். 10 முதல் 15 வினாடி வரை, முகத்தில் சூடு ஏறுவது தெரியும் வரை. பிறகு விட வேண்டும், ஆனால் முழுக்கத் தளர்ந்துவிடக் கூடாது. சாதாரணமாக உட்கார்ந்திருக்கிற நிலைக்கு வந்தால் போதும். 20, 30 வினாடி கழித்து மறுபடி. ஐந்து சுற்று. இதை ஒரு நாளைக்கு ஐந்து முறை. (ரத்தக் கொதிப்போ இதய நோயோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.)

பொறியாளர் அல்லவா, இது பிடித்துவிட்டது. "ப்ரெஷர் இறங்குது, பம்பை ஆன் பண்றோம்" என்றார். ஒரு வாரம் கழித்து வந்தபோது அட்டவணை போட்டு, ஒவ்வொரு முறைக்கும் டிக் அடித்துக் கொண்டுவந்திருந்தார்.

கையில் பி.பி. கருவியைக் கட்டிவிட்டு அதே சிரிஞ்ச் படத்தைக் காட்டினேன். முதலில் இறுக்காமல் பார்க்கச் சொன்னேன். இந்த முறை சாய்வு நாற்காலியில், கால் நீட்டி. மேல் அளவு 146 வரை போனது. இரண்டு நிமிடத்தில் 98. கொட்டாவி வந்த இடத்தில் "இப்போ" என்றேன். இறுக்கினார். 112. இன்னொரு சுற்று. 124. எண்கள் ஏறுவதை அவரே திரையில் பார்த்தார். நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அந்த மூன்று எண்கள் செய்த வேலையைச் செய்திருக்க முடியாது.

அவர் கற்றுக்கொண்டதில் நுட்பமான பகுதி இறுக்குவது அல்ல, எப்போது இறுக்குவது என்பது. சரிவு தொடங்கும் முதல் அறிகுறி ஆளுக்கு ஆள் மாறும். இவருக்குக் கொட்டாவி. அதற்கும் அரை நிமிடம் முன்னால் உள்ளங்கை குளிர்ந்துவிடுகிறது என்பதை நான்காவது அமர்வில் அவராகவே கண்டுபிடித்தார்.

படிகளில் ஏறுவது

இறுக்குவது ஒரு கைத்தடி மட்டும்தான். நடக்க வேண்டியவர் அவர். எக்ஸ்போஷர் என்று நாங்கள் சொல்கிற, பயத்தை நேருக்கு நேர் சந்திக்கும் சிகிச்சைதான் எந்த ஃபோபியாவுக்கும் அடித்தளம். இந்த வகையில் எதிர்கொள்ளலுக்கு எவ்வளவு பங்கு, தசை இறுக்கத்துக்கு எவ்வளவு என்று துறைக்குள் விவாதம் உண்டு. விழுந்துகொண்டே இருக்கிறவரை எதிர்கொள்ள வைக்க முடியாது என்பது என் அனுபவம். அதனால் இரண்டையும் சேர்த்தே செய்கிறேன்.

பயத்தை அளக்க 0 முதல் 100 வரை ஒரு அளவுகோல். காய்ந்த ரத்தக் கறையின் படம் 30. ரத்தம் எடுக்கிற வீடியோ 65. உறையோடு சிரிஞ்சைக் கையில் பிடிப்பது 50, உறை கழற்றி 70. முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டை கட்டுவது 80 என்றபோது எனக்கே ஆச்சரியம். அதில் ஊசியே கிடையாதே? "அந்தப் பட்டை இறுகினா இனிமே திரும்பிப் போக முடியாதுன்னு அர்த்தம் சார்" என்றார். லேபில் உட்கார்ந்து கொடுப்பது 100.

முன்பெல்லாம் ஒரு படியில் பயம் நன்றாகக் குறையும் வரை அடுத்ததற்குப் போவதில்லை. இப்போது பலரும் உளவியலாளர் மிஷெல் க்ராஸ்க் முன்வைத்த கோணத்தையும் சேர்த்துக்கொள்கிறோம்: பழைய பயம் அழிவதில்லை, அதன் பக்கத்தில் புதிய அறிவு ஒன்று உருவாகி அதைத் தடுக்கிறது. அப்படியானால் பயம் எவ்வளவு குறைந்தது என்பதை விட, எதிர்பார்த்தது எவ்வளவு பொய்த்தது என்பதுதான் முக்கியம். அதனால் ஒவ்வொரு படிக்கு முன்பும் என்ன நடக்கும் என்று நினைக்கிறார் என்பதை எழுத வைத்தேன்.

விரல் நுனியில் குத்திப் பார்க்கிற நாள் அவர் எழுதியது: "குத்தி 30 வினாடிக்குள் விழுவேன். 90 சதவீதம்." ஒரு செவிலியர் குத்தினார். ஒரு பொட்டு ரத்தம், சிவப்பாக, அசையாமல் விரல் நுனியில் நின்றது. வேறு எங்காவது பார்க்க அவருடைய கண் அலைந்தது. "பாருங்க, அதையே பாருங்க" என்றேன். தொடைகள் இறுகியதில் நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பொட்டு காய்ந்து கறுத்தது. தாளை வாங்கி எழுதினார்: "விழவில்லை. நெற்றி குளிர்ந்தது. இவ்வளவு சின்னதா?"

எல்லாம் நேராக மேலே போய்க்கொண்டிருந்தது என்று நினைக்க வேண்டாம். அதற்கு அடுத்த வாரம் யாரோ அவருடைய போனுக்கு ஒரு விபத்து வீடியோவை அனுப்ப, அலுவலகத்தில் கிட்டத்தட்ட விழுந்திருக்கிறார். மறுநாள் "சார், சைட்டில் அவசர வேலை, அடுத்த வாரம் வருகிறேன்" என்று செய்தி வந்தது. அதற்கடுத்த வாரமும் அவசர வேலை. பர்ஸிலிருந்த சீட்டு இப்போது என் அமர்வாக மாறிவிட்டது என்று புரிந்தது. "அந்தச் சீட்டை எத்தனை தடவை மடிச்சீங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் பதில் அனுப்பினேன். வந்துவிட்டார். எதிர்பாராமல் வருகிற ரத்தம் வேறு, தயாராகிப் பார்க்கிற ரத்தம் வேறு என்பதை அந்த வீடியோதான் எங்களுக்குக் காட்டிக் கொடுத்தது. அன்றிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் படங்களைக் காட்ட ஆரம்பித்தேன், அவருடைய சம்மதத்தோடுதான்.

மாத்திரை ஏதும் கிடையாதா என்று நடுவில் கேட்டார். குறிப்பிட்ட ஒன்றின் மீதான ஃபோபியாவுக்கு மாத்திரை முதல் வழி அல்ல. பதற்றத்தை அந்த நேரத்துக்குத் தணிக்கிற மாத்திரைகள் உண்டு. ஆனால் "மாத்திரை போட்டதால்தான் தப்பித்தேன்" என்றே மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். மனைவி கையைப் பிடித்துக்கொள்வது, முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாமும் அப்படித்தான். ஆரம்பத்தில் அனுமதித்தோம், பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றினோம்.

லேப்

எட்டாவது அமர்வு லேபில். இதற்கு முன் இரண்டு முறை சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார். ஸ்பிரிட் வாசனைக்கே முதல் நாள் 60 சொன்னவர். லேப் டெக்னீஷியனிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். மறைக்க வேண்டாம், "எனக்கு மயக்கம் வரும், நான் கால்களை இறுக்கிக்கொண்டிருப்பேன், கொஞ்சம் பொறுமையாக எடுங்கள்" என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். 9 வயதில் கேட்ட சிரிப்புக்கான எதிர்கொள்ளல் அது. டெக்னீஷியன் சிரிக்கவில்லை. "நிறையப் பேரு இப்படித்தான் சார், சொல்றதில்ல, விழுந்துடுவாங்க" என்றார்.

ஒரு கையைத் தளர்வாக வைத்துக்கொண்டு மற்ற கையையும் இரண்டு கால்களையும் இறுக்குவது தனி வித்தை. ஊசி போகிற கையை இறுக்கினால் வலிக்கும், ரத்தக் குழாயும் சரியாகக் கிடைக்காது. இதை மட்டும் வீட்டில் பத்து நாள் பழகியிருந்தார். ரப்பர் பட்டை இறுகியது. பஞ்சு தேய்த்த இடம் பளபளத்தது. ஊசி இறங்கியபோது அவர் பார்த்துக்கொண்டிருந்தார். குழாயில் கருஞ்சிவப்பாக ஏறியது. முகம் சுண்ணாம்பாக வெளுத்து, இரண்டு மூச்சுக்குள் திரும்பவும் சிவந்தது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

எழுந்து நிற்க அவசரப்பட வேண்டாம் என்று ஐந்து நிமிடம் உட்கார வைத்தேன். அந்த ஐந்து நிமிடமும் கையில் ஒட்டிய பஞ்சைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்தது. 5.7க்குக் கீழே இருந்தால் இயல்பு, 6.5 தொட்டால் நீரிழிவு. நடுவில் நிற்கிறார். மருத்துவர் அவ்வப்போது ரத்தம் பார்க்கச் சொன்னார். ஒரு சிகிச்சையாளனாக எனக்கு இதில் கொஞ்சம் சுயநல மகிழ்ச்சி உண்டு. பழகிக்கொண்டே இருப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது. வேறு வேறு லேப், வேறு வேறு ஆள், இடது கை, வலது கை என்று மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொன்னேன். ஒரே இடத்தில் கற்றது அந்த இடத்தோடு நின்றுவிடக் கூடாது.

ஆறு மாதம் கழித்துப் பேசினோம். மூன்று முறை ரத்தம் கொடுத்திருந்தார். ஒரு முறை மட்டும் கண் இருட்டியிருக்கிறது, முந்தைய இரவு தூங்காத நாள். அறுவை சிகிச்சைக் காட்சி வந்தால் இன்னும் டிவியை மாற்றிவிடுகிறார். அதைத் தொட வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

மூன்றாவது முறை மகளையும் கூட்டிப் போனாராம். தாடையில் தையல் போட்ட நாளிலிருந்து அவளும் ஊசி என்றால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள் என்பதால். பெரியவர்கள் நடுங்குவதைப் பார்த்தே பிள்ளைகள் பயத்தைக் கற்றுக்கொள்வது உண்டு என்று நான் எப்போதோ சொன்னதை மனதில் வைத்திருந்திருக்கிறார். ஊசி இறங்கும்போது அவள் ஊசியைப் பார்க்கவில்லையாம், அவருடைய காலைப் பார்த்திருக்கிறாள்.

"ஏன்பா காலை முறுக்கற?"

"விழாம இருக்கறதுக்கு."

பக்கத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, தரைக்கு எட்டாத தன் கால்களையும் அவள் முறுக்கிப் பார்த்தாளாம்.